வயிற்றில் கை வைப்பதற்கு முன்

உங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்து, ஓரமெல்லாம் பூ வரைந்த சான்றிதழும் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பத்து நாள் கொடுத்தார்கள். பத்து நாள் முடிந்து நான் எவ்வளவு பெரிய முட்டாளாக வெளியே வந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். மூன்று நாளில் நீங்கள் எப்படி வந்திருப்பீர்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த எங்கள் ஐந்து பேருக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டது நீங்கள்தான். இனிப்பாக எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

என் பெயர் எஸ்தர். கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம் வார்டு ஆயாவாக இருந்தேன். அதன் பிறகு பதினோரு வருடம், பேத்தமங்களா ஏரியைத் தாண்டி மாந்தோப்புக்குள் இருக்கிற இந்த இல்லத்தில், பெங்களூர்ப் பெண்களின் வயிற்றைத் தடவிவிட்டேன். இப்போது வீட்டில் இருக்கிறேன்.

இந்தத் தடவல் பொய்யல்ல. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதையெல்லாம் நான் திட்டத்தான் போகிறேன். மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து மாயா மக்கள் பெண்களுக்குச் செய்வது இது. அடிவயிற்றில் எண்ணெய் தடவி, மெதுவாகக் கீழிருந்து மேலாக நீவுவார்கள். சுமை தூக்கி இடுப்பு விட்டுப்போனவளுக்கு, பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகியும் வயிறு கனமாகவே இருப்பவளுக்கு, மாதாமாதம் சுருண்டு படுப்பவளுக்கு, கொஞ்சம் சுகமாக இருக்கும். நல்லாத் தூங்குவார்கள். அவ்வளவுதான் அது. அந்த அளவுக்கு அது நல்ல வேலை.

அந்த அளவோடு விற்க முடியாது என்பதுதான் இல்லத்தை நடத்துகிற மேடத்தின் பிரச்சினை.

மேடம் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்து, மனசு சரியில்லை என்று ஒரு மாதம் மெக்சிகோ போய் வந்தவர். போகும்போது வெறும் மேடம். திரும்பி வரும்போது முன்னோர்களின் குரலைக் கேட்கும் மேடம். உன் கருப்பையில் உன் அம்மாவின் அழுகை இருக்கிறது, பாட்டியின் கோபம் இருக்கிறது, அதனால்தான் உனக்கு வலிக்கிறது, அதனால்தான் பிள்ளை தங்கவில்லை என்பார். காலையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அம்மா பெயர், பாட்டி பெயர் சொல்லி அழ வேண்டும். அதன் பிறகு கோகோவைக் காய்ச்சிய கசப்புப் பானம் ஒரு கோப்பை. அப்புறம்தான் எங்கள் அறைக்கு வருவார்கள். அறையில் மெக்சிகோவிலிருந்து வந்த பிசினைப் புகை போட வேண்டும். அது இரண்டாவது மாதமே தீர்ந்துபோனது. நான் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் சாம்பிராணி வாங்கி வந்து போட்டேன். மாயா காட்டின் மணம் என்று கண்ணை மூடி இழுத்தார்கள். பதினோரு வருடத்தில் ஒருத்தி, ஒரே ஒருத்தி, இது சர்ச் வாசனை மாதிரி இருக்கிறதே என்றாள். அவளும் கத்தோலிக்கக் குடும்பம்.

எங்களுக்குக் கற்றுக்கொடுக்கக் குவாத்தமாலாவிலிருந்து ஒருத்தியை மேடம் வரவழைத்திருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஊரில் பிரசவம் பார்க்கிறவள். கட்டையான விரல்கள், சிரித்தால் ஒரு பல் இல்லாதது தெரியும். அவளுக்கு ஸ்பானிஷ் தெரியும், தமிழ் தெரியாது. எங்களுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் தெரியும், ஸ்பானிஷ் தெரியாது. நடுவில் மேடம் மொழிபெயர்ப்பார்.

நாலாம் நாள் அவள் வெகுநேரம் பேசினாள். தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். விரல் விட்டு நாள் எண்ணினாள். வயிற்றின் மேல் வட்டமாக, பிள்ளை இருப்பது போலக் காட்டினாள். தொடையைத் துடைப்பது போலச் செய்து ஒரு சிவப்புத் துணியைக் காட்டினாள். பிறகு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

மேடம் அதை மொழிபெயர்த்தார்: "சிவப்பு நதி ஓடும்போது முன்னோர்கள் பேசுறாங்க. நம்ம அமைதியா கேக்கணும்னு சொல்றாங்க."

நான் பதினெட்டு வருடம் பிரசவ வார்டில் இருந்தவள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டுவதற்கு அமைதியாகக் கேட்பது என்று அர்த்தம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் தலையாட்டினேன். புதிய வேலை, புதிய புடவை, மதியம் நல்ல சாப்பாடு. சாயந்திரம் பாத்திரம் கழுவும் இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்து, எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி இங்கிலீஷில், அவளுக்குத் தெரிந்த நாலு வார்த்தை இங்கிலீஷில் கேட்டேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: ரத்தம் என்றால் கை இல்லை. பிள்ளை இருக்கலாம் என்றால் கை இல்லை. கட்டி என்றால் கை இல்லை, டாக்டர். முன்னோர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவளுக்கு அது புரியவில்லை. திரும்பச் சொன்னேன். புரிந்ததும் சோப்புக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

இரண்டாம் வருடம் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கொஞ்ச நாளாக வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, சாப்பிட முடியவில்லை என்றார். இரண்டாம் தடவை நீவும்போதே இடது பக்கம் கைக்குத் தட்டியது. எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிசு, அசையவில்லை. போய் மேடத்திடம் சொன்னேன். மேடம் கண்ணை மூடித் திறந்து, "அது கட்டி இல்ல எஸ்தர். அவங்க வாழ்க்கை பூரா சொல்லாம முழுங்கின வார்த்தை" என்றார். நான் திரும்பி வந்து அந்த வார்த்தையை இன்னும் நாலு தடவை நீவினேன். டீச்சர் ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்து நன்றி சொல்வார். ஏழாவது தடவைக்கு அவர் வரவில்லை, அவர் தங்கை போன் செய்தார். அக்காவுக்குக் கேன்சர், வயிறு முழுக்கப் பரவிவிட்டது, இனி வர மாட்டார் என்றார். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருப்போம் என்று டாக்டர் சொன்னாராம். அந்த மூன்று மாதமும் அவர் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தார்.

மேடம் அன்று வட்டத்தில் டீச்சருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். நானும் சேர்ந்து நின்றேன். மேடத்தைத் திட்டுகிறேனே தவிர, கட்டியைத் தொட்ட கை மேடத்துடையது அல்ல. மேடத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரியாதவள் பேசியதைவிடத் தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டிருந்தது கேவலம். இதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், என் பெயரையும் சேர்த்து.

ஷாலினி வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

சாம்பியன் ரீப்ஸ் பெண். அப்பா தங்கச் சுரங்கத்தில் இருந்தவர், அம்மா இன்னும் அந்தக் கம்பெனி லைன் வீட்டில்தான் இருந்தார். கல்யாணமாகிப் பெங்களூரில் வேலை. நாலு வருடமாகப் பிள்ளை இல்லை. மூன்று நாள் முகாமுக்கு வந்திருந்தாள். நம்மூர்ப் பெண் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு சந்தோஷம், அவளுக்கும். மற்றவர்கள் முன்னால் இங்கிலீஷ், என்னிடம் வந்தால் ஊர்ப் பேச்சு.

இரண்டாம் நாள் காலை வட்டத்தில் மேடம் அவளை எழுப்பி நிற்க வைத்தார். உன் அம்மாவோடு உனக்கு என்ன சண்டை என்று கேட்டார். யாருக்குத்தான் அம்மாவோடு சண்டை இல்லை? அவள் காதல் கல்யாணம், அம்மா ஒரு வருடம் பேசவில்லை, பேசிய பிறகும் இவள் மன்னிக்கவில்லை. மேடம் உடனே, "அந்தக் கோபம்தான் உங்க கருப்பைய மூடி வச்சிருக்கு" என்றார். பதினான்கு பெண்கள் முன்னால். ஷாலினி விக்கி விக்கி அழுதாள். எல்லாரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். நான் வாசலில் துண்டுகளை வைத்துக்கொண்டு நின்றேன்.

பதினொரு மணிக்கு என் அறைக்கு வந்தாள். கையில் அந்தக் கசப்புப் பானக் கோப்பை, இன்னும் குடிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. அழுததால் என்று நினைத்தேன். மேலுதட்டில் வியர்வை. மாந்தோப்பில் காற்று அடிக்கிறது, எனக்கே குளிர்கிறது, இவளுக்கு வியர்க்கிறது.

"இன்னாம்மா, உடம்பு சரியில்லியா?"

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. காலையிலேந்து வலது பக்கம் கீழ சுருக்கு சுருக்குன்னு இருக்குது. மேடம் சொன்னாங்க, வெளிய வர்றப்ப அப்டித்தான் இருக்கும்னு."

"இன்னா வெளிய வருது?"

அவள் மேஜையில் ஏறிப் படுக்கப் போனாள். நான் தடுத்தேன்.

"இரு. தலைக்குக் குளிச்சது எப்போ?"

"போன வாரம்."

"எப்பவும் போலவா?"

"இல்ல, கொஞ்சமாத்தான். ரெண்டு நாளு, கருப்பா. இன்னும் விட்டு விட்டுப் படுது."

"அதுக்கு முன்னாடி?"

யோசித்தாள். விரல் விட்டாள். நிறுத்திவிட்டு மறுபடி எண்ணினாள். ஏழு வாரம்.

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். ஏற்கெனவே எண்ணெய் தடவியிருந்தேன், அதை வெட்கத்தோடு சொல்கிறேன். கேள்வி கேட்பதற்கு முன்பே எண்ணெய் தடவியாகிவிட்டது. அதுதான் நம் பழக்கம்.

"ஷாலினி, இன்னிக்கு நான் தொட மாட்டேன்."

"இன்னாத்துக்கு ஆன்ட்டி? இதுக்குத்தான வந்தேன்." அவளுக்குக் கோபம். "நாலு வருஷம் ஆன்ட்டி. எல்லா டாக்டரையும் பார்த்துட்டு இங்க வந்துக்கினு இருக்கேன். நீங்களும் மாட்டேன்னா நான் எங்க போறது?"

குரலைக் கேட்டு மேடம் வந்தார். நான் சொன்னேன். மேடம் பொறுமையாகக் கேட்டார், அவர் எப்போதும் பொறுமையாகத்தான் கேட்பார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"எஸ்தர், நீங்க பயப்படுறீங்க. உங்க பயத்த அவங்க உடம்புக்குள்ள தள்ளாதீங்க."

இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இதே வார்த்தைகளில் இல்லாவிட்டாலும் உங்களுக்கும் ஒருநாள் சொல்லப்படும். கேட்டவுடன் நீங்கள்தான் தப்பு, நீங்கள்தான் சின்ன மனசு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு நிமிஷம் முழுசாக நின்றேன். அவளுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை, நர்ஸ் கூட இல்லை. மேடம் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு பெயர் இல்லை. எனக்குத் தெரிந்தது ஏழு வாரம், கருப்பு ரத்தம், ஒரு பக்க வலி, வியர்வை. இன்னொன்றும் தெரிந்தது: டீச்சர் விஷயத்தில் நான் இதே இடத்தில் நின்று, இதே முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் நீவினேன்.

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்படியே வெளியே போய், என் பழைய ஆஸ்பத்திரி சிஸ்டருக்குப் போன் செய்தேன்.

சிஸ்டர் நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கவில்லை. "தோளு வலிக்குதான்னு கேளு."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கேட்டேன். ஷாலினி வலது தோளைத் தடவிக்கொண்டே, "ஆமா ஆன்ட்டி, நேத்து பேக் தூக்கினதுல பிடிச்சிக்கிச்சு" என்றாள். அப்போது கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனாள். மேடம்தான் குடி, தெம்பு வரும் என்று சொல்லியிருந்தார்.

போனில் சிஸ்டர் கத்தியது எனக்கு மட்டும் கேட்டது. "வயித்துல கை வெக்காத. தண்ணி கூடக் குடுக்காத. இங்க இஸ்துக்கினு வராத, இன்னிக்கு ஆபரேஷன் பண்ண டாக்டர் இல்ல. நேரா கோலாருக்குப் போ. நான் அங்க சொல்லிடறேன். உள்ள ரத்தம் போவுதுடி."

நான் ஷாலினியின் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கினேன். பிடுங்கினதில் பாதி அவள் மேல் சிந்தியது, மீதி மேடத்தின் வெள்ளைப் பருத்திப் புடவையில். பதினோரு வருடத்தில் மேடத்தின் முகம் உண்மையாக மாறியதை அன்றுதான் பார்த்தேன், அதுவும் புடவைக்காக.

"இவங்கள எங்கயும் கூட்டிட்டுப் போகக் கூடாது. பிராசஸ் பாதியில நின்னா ஆபத்து" என்றார்.

"ஆபத்துதான் மேடம். அதான் போறோம்."

டிரைவர் முனிராஜு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னேன். "ஆய்த்து அக்கா" என்று கன்னடத்தில் சரி சொல்லி, வாளியை அங்கேயே கவிழ்த்துவிட்டு ஏறினார். மேடத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேட்கவில்லை. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

பாதி வழியில் ஷாலினி என் மடியில் சாய்ந்தாள். உதடு சாம்பல் நிறம். நாடியைப் பிடித்தால் ஓடுகிறது, எண்ண முடியவில்லை. பேசிக்கொண்டே இருக்கச் சொன்னேன். அவள் பேசியது என்ன தெரியுமா? "ஆன்ட்டி, நான் எங்கம்மாகிட்ட சண்ட போட்டதாலதான் இப்டி ஆவுதா?" என்று மூன்று தடவை கேட்டாள். உள்ளே ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கிறது, இவள் மனசில் அந்த வட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். "பேசாம இரு, இல்ல, பேசு, வேற பேசு" என்றேன். எனக்கும் வார்த்தை குழம்பியது.

கோலாரில் ஸ்ட்ரெச்சர் வாசலிலேயே நின்றது. சிஸ்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். ஸ்கேன், கையெழுத்து, ரத்தம், எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்து உள்ளே கொண்டுபோனார்கள். அவள் அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். சாம்பியன் ரீப்ஸிலிருந்து பக்கத்து வீட்டுப் பையனின் பைக்கில் உட்கார்ந்து, வீட்டுப் புடவையோடு, செருப்பு இல்லாமல் வந்தார்.

கரு குழாயில் தங்கியிருக்கிறது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம். அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள். டாக்டர் சின்னப் பெண்தான், வெளியே வந்து, வயிற்றை யாராவது அழுத்தினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். என் வேலைக்குக் கிடைத்த சான்றிதழ் அதுதான். பூவெல்லாம் வரையவில்லை.

மறுநாள் பகலில் பார்க்கப் போனேன். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து மகளின் தலையை வாரிக்கொண்டிருந்தார். ஷாலினிக்கு என்னைப் பார்த்ததும் அழுகை. பிள்ளை உண்டாகியிருந்தது அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது. நாலு வருடம் காத்திருந்து, வந்ததும் தெரியாமல், போனது மட்டும் தெரிந்தது.

"கோபம்தான் ஆன்ட்டி. நான் அம்மாவ மன்னிச்சிருந்தா..." என்று மறுபடி ஆரம்பித்தாள். அம்மாவின் சீப்பு நின்றுவிட்டது. அந்த அம்மாவுக்கு அதுவரை இது தெரியாது. மகள் பிழைத்தாள் என்ற சந்தோஷத்தில் இருந்தவர் முகம் செத்துப்போனது.

"இந்தாம்மா, கேளு" என்றேன். "குழாயில மாட்டிக்கிச்சு. அவ்ளோதான். தண்ணிக் குழாயில மாட்டறா மாதிரி. உங்கம்மாக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. உங்க பாட்டிக்கும் இல்ல. கோபத்துல குழாய் அடைச்சிக்கிச்சின்னா இந்த கோல்ட் பீல்ட்ஸ்ல ஒருத்திக்காவது பிள்ள பொறந்திருக்குமா?"

அவள் அம்மா முதலில் சிரித்தார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தார். ஷாலினிக்குத் தையல் வலித்தது, சிரிக்க முடியவில்லை, சிரிக்க வைக்காதீங்க ஆன்ட்டி என்று என் கையை அடித்தாள்.

இன்னொரு குழாய் இருக்கிறது, முயற்சி செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் அம்மா கேக் கொடுத்தனுப்புகிறார்.

மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்குக் காரணம் மனசாட்சி அல்ல, ஷாலினியின் அண்ணன் வக்கீல். அவர் ஒருநாள் வந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அதன் பிறகு நான் ஒரு பள்ளிக்கூட நோட்டில் கேள்விகளை எழுதி, யார் வந்தாலும் கேட்டுக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மேஜையில் படுக்க வைப்பேன் என்றபோது மேடம் மறுக்கவில்லை. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேன் என்று கணக்கு வைக்கவில்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. பலர் என்னைப் பற்றிப் புகார் எழுதினார்கள். கையில் குணம் இல்லாதவள், உணர்வில்லாதவள் என்று ஒருத்தி இங்கிலீஷில் எழுதியதை மேடம் எனக்கு வாசித்தே காட்டினார். நீங்களும் அப்படி நாலு புகார் வாங்கினால்தான் வேலை தெரிந்தவள் என்று நான் ஒப்புக்கொள்வேன்.

நான் போன பிறகு அந்த நோட்டு எங்கே போனது என்று உங்களில் யாருக்கும் தெரியவில்லை. விசாரித்தேன். பயிற்சியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லையாம். முன்னோர்களைப் பற்றி ஒன்றரை நாள் இருந்ததாம்.

நீங்கள் தினமும் உள்ளே நுழையும்போது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய படம் பார்ப்பீர்கள். ஒரு வயிற்றின் மேல் இரண்டு கைகள், எண்ணெய் மினுங்கும். கீழே, 'உயிரைக் காப்பாற்றிய கைகள்' என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். அவை என் கைகள். ஷாலினி பிழைத்த மாதம் மேடம் படம் பிடிக்கச் சொன்னார். அன்று நான் யார் வயிற்றிலும் கை வைக்கவில்லையே மேடம், அதனால்தானே அவள் பிழைத்தாள் என்றேன். அது படத்தில் வராது எஸ்தர் என்றார். வேலை வேண்டுமே என்று நானும் நீட்டினேன். கண்ணில் படும்போதெல்லாம் அது பொய் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் முதலில் தலைக்குக் குளித்த தேதியைக் கேளுங்கள்.